பழம் பதிவேடுகளும் கூட்டுத் திறவுகோலும்

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே இருப்புப்பாதையிற் செல்வோர் புதுச்சத்திரம் என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். நாமக்கல் மாவட்டத்திலும் புதுச்சத்திரம் என்றோர் ஊர் உண்டு. வெறும் புதுச்சத்திரம் என்று மட்டும் உறையின்மேல் எழுதியனுப்பினால், அஃது எவ்வூரைக் குறிக்கும் என்பதை அஞ்சலகத்தார் அறிதற்கு வழியில்லை. ஊர்ப்பெயர் தனித்து நின்றாற் போதாது; மாவட்டத்தின் பெயர் தனித்து நின்றாலும் போதாது; இரண்டும் சேர்ந்து நின்றவிடத்தே ஐயம் நீங்குகின்றது. இவ்வாறு இரண்டோ மூன்றோ குறிகள் கூடி ஒன்றனை ஐயமறச் சுட்டுமாயின், அச்சேர்க்கையைக் கணினி நூலார் கூட்டுத் திறவுகோல் என வழங்குவர். ஒன்றன்றிப் பல பற்கள் இருந்தாலன்றிப் பூட்டைத் திறவாத சாவியை நம் வீடுகளிற் காண்கிறோமன்றோ? அதனையொப்பதே இதுவும்.

இக்கருத்துப் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துவந்த எட்கர் காட் என்பார், 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான தமது கட்டுரையிலே, செய்திகளை வரியும் பத்தியுமாக அமைந்த அட்டவணைகளில் வைத்துப் போற்றும் முறையை வகுத்தார். ஒரு வரியை மற்ற வரிகளினின்றும் பிரித்துக் காட்டும் பத்திக்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர் தந்தபொழுதே, அது தனியொரு பத்தியாகவும் இருக்கலாம், பல பத்திகளின் சேர்க்கையாகவும் இருக்கலாம் என்று அவர் கூறிவைத்தார். ஆகவே, கூட்டுத் திறவுகோல் பின்வந்தோர் ஒட்டவைத்த ஒட்டுவேலை என்று கருதுவோர் மூலத்தை நோக்கிலர் என்றே சொல்லவேண்டும்.

நிற்க. இக்காலத்து நிரல் எழுதுவோர் பெரும்பாலும் அட்டவணைகளோடு நேரே உரையாடுவதில்லை. ஒவ்வோர் அட்டவணைக்கும் நிகராகத் தம் நிரல்மொழியில் ஒரு மாதிரியை, அஃதாவது மாடலை, எழுதிக்கொண்டு அதன் வாயிலாகவே பதிவுகளைப் படிப்பதும் திருத்துவதும் நீக்குவதும் செய்வர். புதிதாகத் தொடங்குவோர் மாதிரியை முதலில் எழுதுவர். அட்டவணை அதனைப் பின்பற்றிப் பிறக்கும். பலர் பல்லாண்டு உழைத்து நிரப்பிய தரவுத்தளம் முன்னரே இருக்குமிடத்தோ, வழி தலைகீழாகின்றது. கருவியானது அட்டவணையை நோக்கி, மாதிரியைத் தானே எழுதித் தருகின்றது. ஜாங்கோ என்னும் கட்டமைப்பில் இன்ஸ்பெக்ட்-டிபி என்ற ஒரே கட்டளையால் நூறு அட்டவணைகளுக்கும் நூறு மாதிரிகளை நொடிப்பொழுதிற் பெறலாம். நம் கல்லூரிக் கணினித்துறை மாணவர் இறுதியாண்டுத் திட்டவேலைக்குப் பழைய தரவுத்தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளும்பொழுது இவ்வழியையே பற்றுவது இயல்பு. கைவருத்தம் மிச்சமாகின்றது, அதனைக் குறை கூறுவார் யார்? ஆயின், கூட்டுத் திறவுகோல் உள்ளவிடத்துக் கருவி எழுதித் தந்ததை அப்படியே ஏற்றல் தகாது என்பதும், அத்திறவுகோலைத் தொல்லையெனக் கருதி வெட்டியெறிதல் அதனினும் தகாது என்பதும் நமது துணிபு. அதற்குரிய காரணங்களை நம் மாவட்டத்துப் பதிவேடுகளைக் கொண்டே கூற முயல்வோம்.

நிலத்தைக் குறிப்பிடும் முறைகள் நம் நாட்டிற் பல. கடலூருக்கு அண்மையிலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து வாங்கியபொழுது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரமளவும் உள்ள ஊர்கள் அவர்க்குரியன என்று உடன்பாடு செய்துகொண்டனர். குண்டுக் கிராமங்கள் என்னும் பெயர் இதனால் வந்தது. வெடிமருந்தை மிகுதியாக இட்டவனுக்கு நிலம் மிகுதி! பண்டைச் சாசனங்களிலோ நான்கெல்லை கூறுவது மரபு. கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே ஏரிக்கரை என்றாற்போல நான்கும் கூடி ஒரு நிலத்தைச் சுட்டின. அந்நான்கில் ஒன்றை மறைத்துவிட்டால், எஞ்சிய மூன்றும் எத்தனையோ நிலங்களுக்குப் பொருந்துதல் கூடும். இன்றைய கிரயப் பத்திரங்களிலும் புல எண்ணோடு நான்கெல்லையும் சேர்த்தே எழுதுகின்றனர்.

நில அளவை வந்தபின் புல எண் வந்தது. வருவாய்க் கிராமம் ஒவ்வொன்றிலும் புலங்கள் ஒன்று முதல் எண்ணிடப்பெற்றன. எனவே 45 என்னும் புலம் சிதம்பரம் வட்டத்து ஊர்களிலெல்லாம் ஊருக்கொன்று இருத்தல் கூடும். கிராமத்தையும் எண்ணையும் சேர்த்துச் சொன்னாலும் இன்று போதுவதில்லை. 45-ஆம் புலம் ஒரு தந்தைக்கு உரியதாயிருந்து, மக்கள் இருவர்க்குப் பாகமாயின், 45/1 என்றும் 45/2 என்றும் உட்பிரிவுகள் தோன்றும். இரண்டாமவர் மக்கள் காலத்தில் 45/2 மீண்டும் பிரிந்து 45/2ஏ, 45/2பி எனவாகும். அவற்றுள் ஒரு பாதி விலைபோயின் 45/2ஏ1 என்றொரு துண்டு உண்டாகும். எண்ணைக் கண்ட மாத்திரத்தில் அக்குடும்பத்தின் பாகப்பிரிவினை வரலாற்றை ஒருவாறு உய்த்துணரலாம். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடைபெற்ற நிலவுடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டத்தில், மக்கள் யு.டி.ஆர். என்று வழங்குவதில், இத்தகைய உட்பிரிவுகளும் பட்டாக்களும் ஊர்தோறும் மறுபடி எழுதப்பெற்றன. அ-பதிவேடு என்னும் கிராமக் கணக்கில் புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் முதலியன இருக்கும். அப்பதிவேடுகள் பின்னர்க் கணினியிலேறி, இன்று தமிழ் நிலம் என்னும் மென்பொருளின்கண் உள்ளன. இணையத்திற் சிட்டா நாடுவோரை மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று ஒவ்வொன்றாக வினவுவது இதனாலேயே. கடலூர், சிதம்பரம் போன்ற நகரங்களில் வார்டு, பிளாக் என்னும் இரண்டும் கூடுதலாக வரும். இத்தனை கேள்வியா என்று சலித்துக்கொள்வோர் பலர், அத்தனையும் வேண்டுவனவே.

இனி, இத்தகைய ஓர் அட்டவணையிலிருந்து மாதிரியை எழுதித் தருமாறு கருவியை ஏவினோம் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் முதற்பத்தி கிராமக்குறி, இரண்டாவது புல எண், மூன்றாவது உட்பிரிவு, பின்னர்ப் பட்டா எண்ணும் பரப்பும். முதல் மூன்றும் கூடியதே முதன்மைத் திறவுகோல். ஜாங்கோவின் கருவி அண்மைக்காலம் வரை என் செய்தது எனின், கூட்டுத் திறவுகோல் ஒன்று காணப்பட்டது, அது ஏற்கப்படாது, முதற்பத்தியே தெரிந்தெடுக்கப்பட்டது என்று ஒரு குறிப்பை வரியின் ஓரத்தில் எழுதிவிட்டு, கிராமக்குறி ஒன்றையே முதன்மைத் திறவுகோலாக்கித் தந்தது. குறிப்பை எழுதியமட்டில் கருவி நேர்மையுடையது. அதனைப் படியாதார் நிலை என்னாகும்?

நிரலில் ஒரு நிலத்தை எடுத்து நீக்கு என்று ஆணையிட்டால், மாதிரி திறவுகோலை நோக்கும், திறவுகோல் கிராமக்குறி, ஆகவே அக்கிராமக்குறியுள்ள வரிகளையெல்லாம் நீக்குமாறு தரவுத்தளத்திற்குக் கட்டளை செல்லும். ஒரு துண்டு நிலத்தை நீக்கப் புகுந்தவன் ஊரையே நீக்கிவிடுவான்! திருத்துதலில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. வரி முழுவதையும் திருத்திச் சேமிக்க முயன்றால், ஊரிலுள்ள எல்லா வரிகளுக்கும் 45 என்ற புல எண்ணையும் 2ஏ என்ற உட்பிரிவையும் ஏற்றுமாறு கட்டளை போகும். தரவுத்தளம் தன்னிடத்துள்ள உண்மையான கூட்டுத் திறவுகோல் குலைவதைக் கண்டு அதனை மறுத்துவிடும். அவ்வளவில் தப்பினோம். ஆனால், பட்டா எண் ஒன்றைமட்டும் திருத்திச் சேமி என்று எழுதினால், மறுத்தற்கு அங்கே காரணம் ஒன்றும் இராது. ஊரிலுள்ள நிலமெல்லாம் ஒரே பட்டாவின்கீழ் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. வேலை இனிதே முடிந்தது என்று நிரலெழுதியவர் வீடு செல்வார். மறுநாள் பயிர்க்கடனுக்காகச் சிட்டாவின் படி வேண்டி வருகின்ற குடியானவர், தம் நிலத்துக்கு நேரே வேறொருவர் பட்டா எண்ணைக் காண்பார். அரைக் காணி நிலத்தை நம்பி வாழ்பவர்க்கு அஃது எத்தகைய அதிர்ச்சி என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிலமில்லாத மாணவரும் இதனைத் தம்மேல் வைத்துப் பார்க்கலாம். தேர்வு மதிப்பெண் அட்டவணையில் பதிவெண், பாடக்குறி, தேர்வு நடந்த பருவம் ஆகிய மூன்றும் கூடியதே திறவுகோல். பதிவெண் ஒன்றையே திறவுகோலெனக் கொண்டு, தமிழ்த்தாளின் மதிப்பெண்ணை மட்டும் திருத்தினால், கணிதத்திலும் அதே மதிப்பெண் வந்து நிற்கும். இதனை விரும்புவாரும் நம்மிற் சிலர் இருத்தல் கூடும்!

இனி, பதிவுத்துறையை நோக்குவோம். ஈண்டுச் சட்டமே கூட்டுத் திறவுகோலை விதித்திருப்பது காண்க. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 53-ஆம் பிரிவில், ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவுகள் தொடர்ச்சியாக எண்ணிடப்படல் வேண்டுமென்றும், அத்தொடர் ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடிதல் வேண்டுமென்றும், ஆண்டு பிறந்ததும் புதுத்தொடர் தொடங்கல் வேண்டுமென்றும் விதித்துள்ளது. அசையாச் சொத்துப் பற்றிய பத்திரங்கள் முதற்புத்தகத்தில் ஏறுவன. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறுவன. ஆகவே, பத்திர எண் 700 என்று ஒருவர் கூறினால், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்தப் புத்தகம், எந்த ஆண்டு என்னும் மூன்றும் தெரியாதவரை அஃது ஒன்றையும் குறித்ததாகாது. சிதம்பரத்தில் 1985-ஆம் ஆண்டிலும் ஒரு 700 இருக்கும், 1986-ஆம் ஆண்டிலும் ஒரு 700 இருக்கும், கடலூரிலும் அவ்வாறே. எண்ணுக்குப் பின் சாய்கோடிட்டு ஆண்டை எழுதும் வழக்கம் எழுத்தர் கண்ட அழகு அன்று. சட்டம் வகுத்த திறவுகோலின் ஒரு பல். வில்லங்கச் சான்று தேடுவோர் அலுவலகத்தையும் ஆண்டுகளையும் முதலிற் குறிப்பிட வேண்டியதாயிருப்பதும் இவ்வமைப்போடு இயைந்ததே. இத்தகைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றுபவர், எண் ஒன்றையே திறவுகோலாக்கினால், இரண்டாம் ஆண்டின் முதற்பத்திரம் வந்த அன்றே தடையுண்டு நிற்பர். அவ்வளவில் உண்மை வெளிப்படும். அட்டவணை கூட்டுத் திறவுகோலோடு சரியாயிருந்து, மாதிரி மட்டும் குறைபட்டிருந்தாலோ, மேலே கூறியவாறு உண்மை ஒளிந்துகொள்ளும்.

திறவுகோலின் ஒரு பல் உடைந்துபோனால் எத்துணை இடர் விளையும் என்பதற்குச் சிதம்பரம் கோயிற் கல்வெட்டுக்களே சான்று. சோழர் கல்வெட்டுக்களில் இன்ன அரசர்க்கு யாண்டு இத்தனையாவது என்று எழுதுவது முறை. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் கூடிய கூட்டுத் திறவுகோல் அது. குலோத்துங்க சோழதேவர்க்கு யாண்டு பத்தாவது என்று கல்லில் இருப்பதாகக் கொள்வோம். முதற் குலோத்துங்கன் 1070-இல் பட்டமெய்தினான், இரண்டாம் குலோத்துங்கன் 1133-இல், மூன்றாமவன் 1178-இல். முதலாம், இரண்டாம் என்னும் எண்கள் நாம் பின்னர் இட்டன. கல் வெட்டிய தச்சன் அவற்றை அறியான். எனவே அப்பத்தாம் ஆண்டு எந்நூற்றாண்டின் எப்பகுதியில் விழும் என்று சொல்லுதல் எளிதன்று. இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டம் உடன் இருப்பின் அது மூன்றாவது பல்லாக உதவும். பரகேசரியாகிய மூன்றாமவனை அதுகொண்டு பிரித்துவிடலாம். முதலிருவரும் இராசகேசரிகளாகையால் அங்கே அதுவும் உதவாது. பின்னர் மெய்க்கீர்த்தியை நோக்கியும், நாளையும் நாண்மீனையும் கணித்தும் அறிஞர் முடிவு கண்டனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார் போன்றோர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இத்தகைய உழைப்பிற் செலவிட்டனர்; அவரது பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதி 1949-இல் வெளிவந்தது. தச்சன் ஒரு குறியை விட்டதனால் வந்த உழைப்பு அது. நாம் கருவியின் சோம்பலால் ஒரு குறியை விட்டால், பின்வருவோர்க்கு அத்தகைய உழைப்பை வைத்துச் செல்கின்றோம். அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் ஆண்டுப்பெயர்களும் இவ்வாறே. பிரபவ ஆண்டு என்றால் 1927-இல் பிறந்ததோ, 1987-இல் பிறந்ததோ? பாட்டனும் பேரனும் ஒரே ஆண்டிற் பிறந்தாராகக் கணக்காகிவிடும்.

இவ்விடத்தில் எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் கேட்டல் நன்று. இத்தனைத் தொல்லை ஏன்? ஒவ்வொரு வரிக்கும் பொருளற்ற ஒரு தொடரெண்ணைத் தந்து, அதனையே திறவுகோலாக்கிவிட்டாற் போதாதா என்பர் அவர். அவர் வாதத்தில் வலிமை இல்லாமலில்லை. தென்னார்க்காடு மாவட்டம் 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30-ஆம் நாள் இரண்டாகப் பிரிந்தது. கடலூரும் சிதம்பரமும் ஒரு மாவட்டத்தில் நின்றன. விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. பிற்காலத்தில் சிதம்பரம் வட்டத்தினின்றும் புவனகிரி தனி வட்டமாயிற்று. மாவட்டக்குறியையும் வட்டக்குறியையும் திறவுகோலில் வைத்திருந்தால், நிலம் ஓரடியும் நகராதிருக்க, அதன் திறவுகோல் மாறிவிடுகின்றது. அத்திறவுகோலைச் சுட்டி நிற்கும் பிற அட்டவணைகளெல்லாம் உடன் மாறவேண்டும். பொருளுள்ள குறி காலத்தோடு மாறும். பொருளற்ற எண் மாறாது. இந்திய அரசாங்கம் 2021-ஆம் ஆண்டு முதல் நிலத்துண்டு ஒவ்வொன்றுக்கும் பதினான்கு இலக்கமுள்ள தனி அடையாள எண் வழங்கும் திட்டத்தை மேற்கொண்டதும் இத்தகைய நோக்கத்தோடே எனலாம். அவ்வெண் நிலத்தின் மூலைகளுடைய புவியிருப்பைக் கொண்டு அமைவது.

இவ்வாதத்தை நாம் முழுதும் மறுக்கவில்லை. புதிதாக அமைக்கும் தரவுத்தளத்தில், தொடரெண்ணைத் திறவுகோலாக வைத்துக்கொண்டு, கிராமமும் புலமும் உட்பிரிவும் கூடிய சேர்க்கை இருமுறை வரலாகாது என்னும் கட்டுப்பாட்டையும் உடன் எழுதிவைத்தால், அது செம்மையான அமைப்பே. நம் வருத்தமெல்லாம் இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர் என்பதே. தொடரெண் ஒன்றிருந்தாற் போதும் என்று விட்டால், 45/2ஏ இருமுறை பதிவாவதைத் தடுப்பார் இல்லை. தொடரெண் 9001 என்றும் 9002 என்றும் இருவேறு வரிகளில் ஒரே நிலம் இருவர்க்கு உரியதாக நிற்கும். கணினிக்கு இரண்டும் வேறு. கழனியில் இரண்டும் ஒன்று. மேலும், 45/2ஏ1 என்பது 45/2ஏ-யினின்றும் பிறந்தது என்னும் உறவைப் பழைய குறி தன்னகத்தே தாங்கியுள்ளது. தொடரெண் அதனைத் தாங்காது. வேண்டுமாயின் வேறொரு பத்தியில் எழுதிவைத்தல் வேண்டும்.

முன்னரே இருக்கின்ற தரவுத்தளத்தின் திறம் முற்றிலும் வேறு. அது நம்முடையதன்று. அதனைப் படிக்கும் நிரல்கள் வேறு பல உள. அவை கூட்டுத் திறவுகோலை நம்பியே இயங்குகின்றன. நமது மாதிரிக்கு எளிதாயிருக்கும் என்று அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்ப்பதும், திறவுகோலை மாற்றுவதும், விருந்தினனாக வந்தவன் வீட்டுப் பூட்டை மாற்றுவதை ஒக்கும். ஜாங்கோவின் கருவியே தான் எழுதித் தரும் மாதிரிகளில் அட்டவணையைத் தான் ஆளப்போவதில்லை என்னும் குறியை இட்டுத் தருகின்றது. கருவிக்குள்ள அடக்கம் நமக்கும் வேண்டற்பாலது. மாதிரியே அட்டவணையைப் பின்பற்றல் வேண்டும்.

இதனைக் கட்டமைப்பாளர் உணர்தற்கு நெடுங்காலம் சென்றது. ஜாங்கோவில் கூட்டுத் திறவுகோல் வேண்டும் என்னும் விண்ணப்பம், 373 என்னும் எண்ணுடையது, 2005-ஆம் ஆண்டில் பதிவாயிற்று. 2025 ஏப்ரலில் வெளிவந்த 5.2-ஆம் பதிப்பிலேதான் அது நிறைவேறியது. விண்ணப்பம் இட்ட ஆண்டிற் பிறந்த குழந்தை கல்லூரிக்கு வந்துவிட்டது! ரெயில்ஸ் என்னும் கட்டமைப்பு 2023 அக்டோபரில் வந்த 7.1-ஆம் பதிப்பிலே இதனை ஏற்றது. மைக்ரோசாஃப்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் தொடக்கத்திலேயே ஏற்றிருந்தது. ஜாவா நாட்டினர்க்கும் இது பழைய செய்தி. நிறைவேறியபின்னும் ஜாங்கோவின் 5.2-ஆம் பதிப்பில் இரண்டு குறைகள் எஞ்சின. கூட்டுத் திறவுகோலுடைய மாதிரியை அதன் நிருவாகப் பக்கத்திற் பதிவுசெய்தல் இயலாது. வேறொரு மாதிரியிலிருந்து அயற்றிறவுகோலால் அதனைச் சுட்டுதலும் இயலாது. இப்பின்னது பெருங்குறை. ஒரு பட்டாவில் கூட்டாளிகள் பலர் இருப்பின், அவர் பெயர்களைத் தாங்கும் அட்டவணை, கிராமக்குறி, பட்டா எண் என்னும் இரண்டையும் கொண்டே பட்டாவைச் சுட்டும். இவ்விணைப்பைக் கைப்பட எழுதி அமைக்கவேண்டியவன் மாணவனே.

சிறுசெய்திகள் இரண்டும் ஈண்டுக் கூறத்தக்கன. உட்பிரிவு இல்லாத புலமும் உண்டு. அங்கே உட்பிரிவுப் பத்தியை வெறுமையாக விடுதல் முதன்மைத் திறவுகோலுக்கு ஒவ்வாது. ஆகையால் ஒரு சிறு கோடோ சுழியோ இட்டு நிரப்புவது வழக்கம். அக்கோட்டைக் குப்பையென எண்ணித் துடைத்துவிடுவோர் உளர். துடைத்தபின், திறவுகோலுக்குப் பதிலாக இருமுறை வரலாகாது என்னும் கட்டுப்பாட்டை மட்டும் வைத்தால், பெரும்பாலான தரவுத்தளங்கள் வெறுமையும் வெறுமையும் ஒன்றல்ல என்று கொள்வனவாகையால், உட்பிரிவில்லாத 45-ஆம் புலம் எத்தனை முறையும் வந்து அமர்தல் கூடும். போஸ்ட்கிரெஸ் 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலே இதற்கு மாற்று விதி ஒன்றைத் தந்தது. மற்றொன்று எழுத்தைப் பற்றியது. ஆங்கில எழுத்தால் எழுதிய 2ஏ-யும், தமிழெழுத்தால் எழுதிய 2அ-வும், பின்னால் ஓரிடம் வெற்றாக விட்ட 2ஏ-யும் கிராம அலுவலர்க்கு ஒன்றே, கணினிக்கு மூன்று. மாதிரியை எழுதுமுன் அப்பத்தியிலுள்ள வேறுவேறு மதிப்புக்களையெல்லாம் ஒருமுறை வரிசையாக எடுத்துப் பார்த்தல் நன்று; அரைமணி நேர வேலை.

மாணவர்க்கு நாம் கூறுவது மிகச் சிறிது. கருவி மாதிரியைத் தந்தவுடன், அட்டவணையின் அமைப்பைத் தரவுத்தளத்திடமே நேரிற் கேட்டு, திறவுகோலில் எத்தனை பத்திகள் உள, எவ்வரிசையில் உள என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாதிரியோடு ஒப்புநோக்குக. வரிசையும் பொருளுடையது, கிராமக்குறி முன்னிற்கும் திறவுகோல் ஓர் ஊரின் நிலங்களை விரைவில் எடுத்துத் தரும், புல எண்ணை மட்டும் கொண்டு தேடுவார்க்கு அவ்வளவாக உதவாது. பின்னர்ப் படி ஒன்றன்மேல், உண்மைத் தரவுத்தளத்தின்மேல் அன்று, ஒரு வரியைத் திருத்தி, எத்தனை வரிகள் மாறின என்று எண்ணிப் பார்க்க. ஒன்று என்று வந்தால் மேலே செல்லலாம்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் கடலூர், சிதம்பரம் வட்ட அலுவலகங்களிலும் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் பணியாற்றியவராகவோ பணியாற்றுபவராகவோ இருத்தல் கூடும். கணினித்துறை மாணவர் அ-பதிவேட்டையும் முதற்புத்தகத்தையும் கண்ணாற் கண்டதில்லை. அட்டவணையில் வந்த பத்திப்பெயர்களையே அறிவர். வரும் கல்வியாண்டில் அவ்வன்பர் ஒருவர் இருவர், பெயர்களை மறைத்த பதிவேட்டுப் பக்கம் ஒன்றன் மாதிரிப் படிவத்தோடு வகுப்பிற்கு ஒரு மாலை வந்து, ஓர் உட்பிரிவு எவ்வாறு உண்டாகின்றது, அதற்கு எண் இடுபவர் யார், பழைய எண் என்னாகின்றது என்பவற்றை விளக்குவாராயின் பேருதவியாகும். வர விரும்புவோர் கணினித்துறைத் தலைவர்க்கு ஓர் அஞ்சலட்டை எழுதினாற் போதும்.